ஒன்பதாம் வகுப்பில் வாசிப்பு எங்கே சிக்குகிறது?

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களிடம் மாணவர்களின் வாசிப்பைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான்" என்பார் ஒருவர். "கடகடன்னு படிச்சுடறான், என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கிறான்" என்பார் இன்னொருவர். இவை வேறுவேறு கோளாறுகள். பள்ளியில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது: சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ், மெல்லக் கற்போருக்கான கையேடு, விடையைப் பத்து முறை எழுதி வரச் சொல்வது. இதனால் 35 மதிப்பெண் கிடைக்கலாம், வாசிப்பு வளராது. எந்த மாணவருக்கு எந்த இடத்தில் சிக்கல் என்று பிரித்துப் பார்க்காதவரை, பதின்பருவ வாசிப்புக்காகச் செலவாகும் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறது.

சிக்கல் சிறியதல்ல. 15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களைச் சோதிக்கும் பன்னாட்டு 'பிசா' தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடு இமாசலப் பிரதேசத்தோடு சேர்ந்து பங்கேற்றது. அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான அடிப்படை வாசிப்பு நிலையைத் தமிழ்நாட்டில் எட்டியவர்கள் 17 சதவீதம். தேர்வை நடத்தும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நாடுகளின் சராசரி 81 சதவீதம். 2023-இல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுக்காரர்களிடம் 'அசர்' என்ற கல்விநிலை ஆய்வு நடந்தது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தியைத் தம் மாநில மொழியில்கூடச் சரளமாக வாசிக்க வரவில்லை.

இதோடு கொரோனாவின் கணக்கும் சேர்கிறது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-21-இல் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய குழந்தை 2025-26-இல் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டது. உயிர்மெய் வரிசை மனத்தில் பதிய வேண்டிய காலத்தை வீட்டில் கழித்தவர்கள் இவர்கள். அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்க 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. ஆறாம் வகுப்புக்கு மேலே இருப்பவர்களுக்கான 'திறன்' திட்டம் 2025-இல்தான் வந்தது. இடையில் நழுவியவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள். அங்குள்ள பாட ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர்.

இருபது நிமிடத்தில் பிரித்துப் பார்க்கும் வழி

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஓர் எளிய வாய்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும், அதே விஷயத்தைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். அவர்கள் கூட்டலை விட்டுப் பெருக்கலைத் தேர்ந்ததில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று பூஜ்யமென்றால், மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்.

இதை வகுப்பறையில் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மாணவருக்குப் பழக்கமில்லாத, ஆறாம் வகுப்பு அளவிலான இரண்டு பத்திகள் போதும். ஒவ்வொன்றும் நூறு முதல் நூற்றைம்பது சொற்கள். முதல் பத்தியை அவர் தனியாக, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஆசிரியர் கையில் இருக்கும் பிரதியில், தவறிய சொற்களின் மேல் அவர் எப்படி வாசித்தாரோ அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். முதல் ஒரு நிமிடம் முடியும் இடத்தில் ஒரு கோடு. முடித்ததும் நான்கு கேள்விகள்: இரண்டுக்கு விடை பத்தியிலேயே நேராக இருக்கட்டும், இரண்டுக்கு ஊகித்துச் சொல்ல வேண்டியிருக்கட்டும். இரண்டாவது பத்தியை ஆசிரியரே நிதானமாக வாசித்துக் காட்டி, அதே மாதிரி நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

கேட்டால் விடை சொல்கிறார், வாசித்தால் முடியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கேட்டும் விடை வரவில்லை என்றால் சிக்கல் மொழியிலோ அந்த விஷயத்தைப் பற்றிய முன்னறிவிலோ இருக்கிறது. இரண்டிலும் நன்றாகச் செய்து வகுப்பில் மட்டும் பின்தங்குகிறார் என்றால் கண், தூக்கம், ஆர்வம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் ஆங்கிலத்துக்கானவை. தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக நிற்பது தமிழில் ஒரே சொல்லில் அடங்கிவிடும். அந்த அட்டவணையை வைத்து அளந்தால் நன்றாக வாசிக்கும் பிள்ளைகூடப் பின்தங்கியதாகத் தெரியும். அதே வகுப்பில் சரளமாக வாசிக்கும் ஐந்தாறு பேரை அதே பத்தியை வாசிக்கச் சொல்லி, அவர்கள் ஒரு நிமிடத்தில் எங்கே வந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல்.

சொல்லின் கடைசிப் பாதி

எழுத்துச் சிக்கல் என்றதும் எழுத்தே தெரியாதவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஒன்பதாம் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. அவர்களுக்குப் பெரும்பாலும் தடுமாற்றம் குறிகளில்தான்: கெ, கே, கை, கொ, கோ. இந்தக் குறிகள் மெய்க்கு முன்னாலோ இரு பக்கமுமோ நிற்பதால், கண் ஒரு வரிசையிலும் வாய் இன்னொரு வரிசையிலும் போக வேண்டியிருக்கிறது. அடுத்தது புள்ளி: 'படம்' 'பட்டம்' ஆகும், 'பட்டம்' 'படம்' ஆகும். முப்பது நாற்பது உயிர்மெய் அட்டைகளை வைத்துத் தினமும் பத்து நிமிடம் செய்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதைவிடப் பரவலான, யாரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் வேகம் போதாது. மெதுவாக வாசிக்கும் பிள்ளை சீக்கிரமே ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிடும். சொல்லின் முதல் மூன்று எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பதுதான் அது. ஆங்கிலத்தில் இதனால் வரும் நட்டத்தைவிடத் தமிழில் நட்டம் அதிகம். தமிழில் காலம், எதிர்மறை, வேற்றுமை, நிபந்தனை எல்லாமே சொல்லின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'மழை பெய்யாவிட்டாலும் அணையில் தண்ணீர் இருந்தது' என்ற வரியை 'மழை பெய்தாலும்' என்று ஒருவர் வாசித்துவிட்டால் காதுக்குப் பெரிய தவறாகத் தெரியாது. பொருள் தலைகீழாகிவிட்டது.

அறிவியல் பாடநூல் நடையில் ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம்: 'ஒரு பொருளின் இயக்கநிலையில் மாற்றம் ஏற்பட வேண்டுமெனில், அதன்மீது சமன்செய்யப்படாத புறவிசை செயல்பட்டாக வேண்டும்.' பதினொரே சொற்கள். 'வேண்டுமெனில்' என்பதை 'வேண்டும்' என்று வாசித்துவிட்டால் நிபந்தனை போய்விடும். ஒரே வாக்கியம் தொடர்பில்லாத இரண்டு துண்டுகளாகிவிடும். 'சமன்செய்யப்படாத' என்பது பத்து எழுத்து. சமன், செய், படு என்ற மூன்றையும் ஒரு எதிர்மறையையும் சுமக்கிறது. ஊகித்து வாசிப்பவர் 'சமன்செய்யப்பட்ட' என்றுதான் சொல்வார். நியூட்டன் விதி அந்த இடத்திலேயே உடைந்துபோகும். அதற்குப் பிறகு இயற்பியல் ஆசிரியர் எத்தனை முறை விளக்கினாலும், புத்தகத்தைத் திறந்தால் மாணவருக்கு அது வேறு எதையோ சொல்கிறது.

இன்னொரு சுமையும் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். யார், எதை, எப்போது, எதற்காக என்பதையெல்லாம் மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு இறுதிவரை போனால்தான் என்ன நடந்தது என்று தெரியும். ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் போகிறவருக்கு, வாக்கியம் முடியும்போது அதன் தொடக்கம் மறந்திருக்கும். 'படிச்சது மனசுல நிக்கல' என்று பிள்ளைகள் சொல்வதை ஞாபக மறதி என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வேகக் குறைவு.

இதற்குத் திரும்ப வாசித்தலைப் போலப் பயன் தரும் வழி வேறில்லை. நூற்றைம்பது சொல் பத்தியை முதல் நாள் ஆசிரியர் வாசிக்க, மாணவர்கள் விரல் வைத்துத் தொடர்கிறார்கள். பிறகு நீண்ட சொற்களைப் பென்சிலால் வெட்டுகிறார்கள்: பெய்/யா/விட்டால்/உம். பகுதி எது, ஒட்டியது எது, ஒட்டியது என்ன சொல்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு நன்றாக வாசிப்பவர் ஒருவரும் தடுமாறுபவர் ஒருவருமாக ஜோடி சேர்ந்து மாறி மாறி மூன்று முறை. அடுத்த நாளும் அதே பத்தி. மூன்றாம் நாள் ஒரு நிமிடம் அளந்து, மாணவரே தன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். நான்காம் நாள் புதுப் பத்தி. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், வாரத்தில் நான்கு நாள், ஒரு பருவம் முழுக்க. இடையில் ஒரு வாரம் விட்டால் ஓட்டம் போய்விடும்.

கெடும் இடங்களும் உண்டு. சில பிள்ளைகள் இரண்டு முறை கேட்டதுமே பத்தியை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள், கண் காகிதத்தில் இருக்காது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேட்டால் தெரிந்துவிடும். நிமிடக் கணக்கு வந்ததும் மூச்சுவிடாமல் ஓட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் முடிவில் இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் அது அடங்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, தடுமாறும் பிள்ளையை எழுப்பிவிட்டு வகுப்பு முழுக்கக் கேட்க வாசிக்கச் சொல்வது. 14 வயதில் அந்த அவமானம் ஒன்றே போதும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறக்காமல் இருக்க எந்த வழியையும் கண்டுபிடிக்கும். ஒன்றாம் வகுப்பு அணில், ஆடு புத்தகத்தைக் கையில் கொடுப்பதும் அதே அவமானம்தான். மொழி எளிதாக இருக்கலாம், விஷயம் 14 வயதுக்கானதாக இருக்க வேண்டும்: கிரிக்கெட், விபத்துச் செய்தி, பைக் எஞ்சின், பேய்க்கதை, எதுவானாலும்.

வாசிக்க வருகிறது, புரியவில்லை

இவர்கள் இரண்டாம் வகையினர். வாசிப்புச் சுத்தமாக இருப்பதால் யார் கண்ணிலும் படமாட்டார்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் சோதனையில்தான் மாட்டுவார்கள்.

தமிழில் வீட்டில் பேசும் மொழிக்கும் புத்தக மொழிக்கும் இடையே உள்ள தூரம் இதில் முதல் காரணம். கடினமான கலைச்சொற்களை ஆசிரியர்கள் விளக்கிவிடுவார்கள். ஒளிச்சேர்க்கையும் சவ்வூடு பரவலும் கரும்பலகையில் ஏறிவிடும். யாரும் விளக்காத சொற்கள் வேறு: எனினும், மாறாக, பொருட்டு, அன்றி, ஆதலால், இயலாது, முறையே. வாக்கியங்களை ஒன்றோடொன்று கட்டுபவை இவைதான். யாரும் இவற்றைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை, எனவே வாசிக்காத பிள்ளை இவற்றைக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. 'முறையே' தெரியாவிட்டால் கணக்குப் பாடத்தின் பாதிக் கேள்விகள் புரியாது. வாரத்துக்கு ஐந்து இணைப்புச் சொல், ஒவ்வொன்றுக்கும் பேச்சுத் தமிழில் ஈடு, பிறகு மாணவர் சொந்தமாக இரண்டு வாக்கியம். ஒரு கல்வியாண்டில் வேண்டியதெல்லாம் முடிந்துவிடும். தமிழாசிரியர் மட்டும் செய்தால் போதாது. அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களும் தங்கள் பாடத்தில் வருபவற்றைச் செய்ய வேண்டும்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ இந்தியோ பேசும் பிள்ளைகளுக்கு இந்தத் தூரம் இரட்டிப்பு. அரசுப் பள்ளிகளின் ஆங்கிலவழிப் பிரிவுகளில் இருப்பவர்கள் நிலை இன்னும் இக்கட்டானது. அங்கே வாசிக்கும் மொழி வேறு, ஆசிரியர் விளக்கும் மொழி வேறு, யோசிக்கும் மொழி வேறு. ஆங்கில வாசிப்பைப் பற்றிய ஆய்வுகளின்படி, ஒரு பத்தியில் நூற்றில் ஐந்து சொல்லுக்குமேல் தெரியாவிட்டால் யாருடைய துணையுமின்றிப் புரிந்துகொள்வது கடினம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலவழி அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, மாணவரைத் தெரியாத சொல்லை அடிக்கோடிடச் சொல்லிப் பாருங்கள். நிலவரம் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் முன்னறிவு. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கபடி ஆட்டக் குறிப்பைக் கொடுத்தால் வகுப்பின் கடைசி பெஞ்ச் முன்னுக்கு வந்துவிடும். நாடாளுமன்ற நடைமுறையைப் பற்றிய பத்தியைக் கொடுத்தால் பின்னுக்குப் போய்விடும். 'புரிந்து வாசிக்கும் திறன்' என்று தனியாக ஒன்றைப் பயிற்சித் தாள் மூலம் வளர்க்க முடியும் என்ற நம்பிக்கைக்கு இது வைக்கும் வரம்பு முக்கியமானது. சமூக அறிவியலும் அறிவியலும் சரியாக நடக்காத பள்ளியில் வாசிப்பும் உயராது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் வேறு பாடங்களின் பீரியடை எடுத்துக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கொடுக்கும் பள்ளி, ஒன்பதாம் வகுப்பில் அதற்கு விலை கொடுக்கிறது.

வாசிக்காமலே தேர்ச்சி

மூன்றாவது காரணம் தேர்வு முறை. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் கணிசமான பகுதி புக் பேக் கேள்விகள். விடை கைடில் இருக்கிறது, முக்கியமானவை மினிமம் மெட்டீரியலில் இருக்கின்றன. பாடத்தை ஒரு முறைகூட முழுதாக வாசிக்காமல் தேர்ச்சி பெறலாம், ஓரளவு நல்ல மதிப்பெண்ணும் எடுக்கலாம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்கள் முந்தையவற்றைவிடக் கனமானவை. பாடத்தை ஆசிரியர் சொல்லி, விடையை நோட்டில் எழுதிப்போட்டு, அடுத்த பாடத்துக்கு ஓடினால்தான் போர்ஷன் முடியும். பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திட்டுவது நியாயமல்ல. வாசிப்பைக் கேட்காத ஓர் ஏற்பாட்டுக்கு அவர்கள் சரியாகத் தகவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதன் விலை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகுதான் தெரியும். நுழைவுத் தேர்விலும் டிஎன்பிஎஸ்சியிலும் கல்லூரி முதல் செமஸ்டரிலும் முன்பின் பார்க்காத பத்தி வரும்.

ஆசிரியர் தனியாக இதை மாற்ற முடியாது. ஆனால் மாதத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காவது பாடநூலுக்கு வெளியே இருந்து ஒரு பத்தி வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கண், வயிறு, தூக்கம்

பள்ளிக் கண் பரிசோதனையில் பொதுவாகத் தூரப் பார்வையைத்தான் பார்க்கிறார்கள். கரும்பலகை தெரிகிறது என்றால் 'சரி' என்று எழுதிவிடுவார்கள். கிட்டப் பார்த்து வாசிக்கும்போது மட்டும் சிரமப்படும் கண் இதில் தப்பிவிடும். பத்து நிமிடம் வாசித்ததும் நெற்றி வலி, வரி தாவுவது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பது, தலையைச் சாய்ப்பது இவற்றைக் கண்டால், பள்ளி முகாம் சான்றிதழ் இருந்தாலும் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு வெறும் வயிற்றோடு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியச் சத்துணவுதான் முதல் சாப்பாடு. பதின்பருவத்தில் உடலின் தூக்க நேரமே இரவில் பின்னுக்குப் போகிறது. எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டிய வயது. காலை வகுப்பை முன்னுக்கு இழுத்தால் வெட்டுவது தூக்கத்தைத்தான்.

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு தமிழில் தாமதமாகத்தான் பிடிபடுகிறது. எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒத்துப்போகும் மொழிகளில் அது தவறுகளைவிட மெதுவான வாசிப்பாகவே வெளிப்படும். வாயால் அருமையாகப் பதில் சொல்லி, பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் வேகம் அசையாத பிள்ளை என்றால் முறையான மதிப்பீடு தேவை. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். விண்ணப்பம் கடைசி நேரத்தில் போனால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

செல்போனைப் பற்றி எல்லோரும் சொல்வதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு விஷயம் மட்டும். பிள்ளைகள் செல்போனில் நிறைய வாசிக்கிறார்கள்தான், ஆனால் வாட்ஸ்அப் தமிழ் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் வருகிறது. மீதி வாய்ஸ் மெசேஜ். தமிழ் எழுத்தின் மேல் கண் ஓடும் நேரம் அதில் கூடுவதில்லை. அடுத்தது, பாடம் போன்ற தகவல் சார்ந்த உரையைத் திரையைவிடக் காகிதத்தில் வாசித்தால் நன்றாகப் புரிகிறது. 54 ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியான பகுப்பாய்வின் முடிவு இது. குழுவில் பிடிஎஃப் அனுப்பிவிட்டால் பிள்ளை வாசித்துவிடும் என்று நம்ப முடியாது.

பீரோவில் இருக்கும் புத்தகம்

உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986-இல் விளக்கிய ஒரு போக்கு இங்கே கண்முன் நடக்கிறது. வாசிக்க வருபவர் மேலும் வாசித்து மேலும் தேர்கிறார். வராதவர் தவிர்த்துத் தவிர்த்து இன்னும் பின்தங்குகிறார். இந்த இடைவெளி விடுமுறைகளில் பெருகும். அதைக் குறைக்கக் கைக்கு எட்டும் ஒரே வழி, பிள்ளை விரும்பி எடுக்கும் புத்தகம்.

2023-இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய 'வாசிப்பு இயக்கம்' இந்த வகையில் சரியான அடி. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்ட சிறு புத்தகங்கள். வகுப்பை வைத்துப் பிரிக்காமல் வாசிப்பு நிலையை வைத்துப் பிரித்திருப்பதுதான் இதன் பலம். எட்டாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யில் தொடங்கினாலும் அட்டையில் 'ஒன்றாம் வகுப்பு' என்று இருக்காது. ஆனால் இரண்டு தவறு அடிக்கடி நேர்கிறது. ஒன்று, நல்லவிதமாக வாசிக்கும் பிள்ளைகளையே விழாவுக்கும் போட்டிக்கும் அனுப்புவது. மற்றது, வாசித்ததும் சுருக்கம் எழுதச் சொல்வது. எழுத்து வேலை ஒட்டிக்கொண்ட மறுகணமே அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும். பக்கத்துப் பிள்ளையிடம் இரண்டு நிமிடம் சொல்லச் சொன்னாலே போதும்.

நூலகப் புத்தகங்கள் பல பள்ளிகளில் பூட்டிய பீரோவில் இருப்பதற்குக் காரணம் ஆசிரியரின் அக்கறையின்மை அல்ல, இருப்புப் பதிவேடு. ஆடிட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர் கைக்காசைக் கொடுக்க வேண்டிவரும் என்ற பயம். இதற்குச் சுற்றுவழி உண்டு. பதிவேட்டில் ஏறிய புத்தகங்கள் பீரோவில் இருக்கட்டும். பெற்றோர், முன்னாள் மாணவர்கள், பழைய புத்தகக் கடை மூலம் சேரும் அறுபது எழுபது புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றாமல் ஒரு கயிற்றில் தொங்கவிட்டோ ஜன்னலோரம் அடுக்கியோ வகுப்பறையிலேயே வைக்கலாம். ஒரு மாணவரும் ஒரு மாணவியும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொள்கிறார்கள். வருடத்துக்குச் சில புத்தகம் தொலையும், சில கிழியும். கிழிவது வாசிக்கப்பட்ட புத்தகம் என்பதால் அதற்காக யாரையும் திட்ட வேண்டாம். மாதம் ஒரு முறை பக்கத்து வகுப்போடு அடுக்கை மாற்றிக்கொண்டால் புதுப் புத்தகம் வாங்காமலே வருடம் முழுக்க ஓடும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியடின் முதல் பதினைந்து நிமிடம் மௌன வாசிப்பு என்று வைத்தால், அந்த நேரத்தில் ஆசிரியரும் நோட்டுத் திருத்தாமல் ஒரு புத்தகத்தோடு உட்கார வேண்டும். வாசிக்கும் பெரியவர் ஒருவரைப் பல பிள்ளைகள் பார்ப்பது அங்கே மட்டும்தான்.